மின்மினியும் சிவப்புக் கோடும்

அவருக்கு மின்மினி என்று பெயர் வைத்தது யாரென்று இன்றைக்கு யாருக்கும் நினைவில்லை. யாராக இருந்தாலும் ஆளை நன்றாகக் கவனித்துத்தான் வைத்திருக்கிறார். கார்களுக்கு ஹெட்லைட் மாற்றிக் கொடுக்கிற கடைக்காரர் என்பது பாதிக் காரணம். சேர்ந்தாற்போல ஒரு நிமிஷம் ஓரிடத்தில் எரிய மாட்டார் என்பது மீதிக் காரணம். காலையில் வாங்கிய டீயை ஒரு வாய் குடித்துவிட்டு பல்புப் பெட்டிகளின் மேல் வைப்பார். பிறகு அதைத் தேடிக் கண்டுபிடித்து, இன்னொரு வாய் குடித்துவிட்டு, வேலைக்கு வந்திருக்கும் காரின் கூரைமேல் வைப்பார். கார் டீயோடு கிளம்பிப் போனதும் உண்டு. வீட்டில் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவார். அதையும் உட்காருவது என்று சொல்லிவிட முடியாது. நாற்காலி விளிம்பில் தொற்றிக்கொண்டிருப்பார், இதோ பஸ் வந்துவிடும் என்பதுபோல.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த தொழில், வெளிச்சத்தை ஆடாமல் அசையாமல் ஓரிடத்தில் நிறுத்துவது. அதில் அவர் கெட்டிக்காரராக இருந்ததுதான் வேடிக்கை.

கடை என்பது ஒரு சந்துக்குள் ஒரே ஒரு கார் நுழைகிற அகலத்தில் ஒரு கொட்டகை. கார் பின்பக்கமாக உள்ளே வரும். மூக்கு சந்தைப் பார்த்து நிற்கும். சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கின் முதுகுச் சுவர், சாம்பல் நிறத்தில், ஜன்னல் ஒன்றுகூட இல்லாமல். அந்தச் சுவரில் மின்மினி தன் கையால் அளந்து தீட்டிய சிவப்புக் கோடுகள் இரண்டு. கீழ்க்கோடு சின்னக் கார்களுக்கு, மேல்கோடு வேன்களுக்கு. விளக்கை டிம்மில் போட்டால் சுவரில் வெளிச்சம் ஒரு மட்டத்தில் வெட்டினாற்போல நிற்கும். அதற்கு மேலே இருட்டு. அந்த வெட்டு சிவப்புக் கோட்டில் போய்ப் படியும்வரை விளக்கின் பின்னாலிருக்கும் திருகைத் திருப்புவார். இதற்குத்தான் ஃபோகஸ் வைப்பது என்று பெயர். ஊரில் மற்ற கடைகளில் இதைக் கண்மட்டமாகச் செய்வார்கள். மின்மினி செய்வதைப் பார்த்தால் அறுவைச் சிகிச்சையோ என்று தோன்றும். நாலு டயரிலும் காற்றைச் சரிபார்ப்பார். பின்பெட்டியில் கிடக்கிற மூட்டை முடிச்சுகளை இறக்கச் சொல்வார். ஓட்டுகிற ஆளை ஓட்டுகிற இடத்தில் உட்காரச் சொல்வார், ஆளின் கனத்துக்குக் கார் தாழும் என்பதால். அந்தி சாய்ந்தபின் சந்து வழியாகப் போகிறவர்களின் இடுப்பில் வெளிச்சம் ஏறி இறங்கும். பழகியவர்கள் குனிந்து போவார்கள்.

"கோட்டைத் தாண்டக் கூடாதுங்க. தாண்டினா எதிர்ல வர்றவன் கண்ணு போச்சு" என்பார். அவர் தாண்டவே விட மாட்டார்.

வாடிக்கையாளர்களோடு அவர் பேசுவது தனி ரகம். விற்க உட்கார்ந்தவர், வாங்க வந்தவனை வாங்காதே என்று சண்டை பிடிப்பார்.

"நல்லா வெள்ளையா, நீலம் பாய்ஞ்ச மாதிரி ஒண்ணு வருதே, அதைப் போடுங்க. ரோடே பகல் மாதிரி ஆகணும்" என்பான் ஒருவன்.

"பகல் வேணும்னா பகல்ல போங்க. மழை பெய்யுறப்ப அந்த வெள்ளை வெளிச்சம் மழையைத்தான் காட்டும், ரோட்டைக் காட்டாது. உங்களுக்கு மழை பாக்கணுமா, வீடு போய்ச் சேரணுமா?"

"அப்ப எல்.இ.டி. பல்பு?"

"உங்க விளக்குக்குள்ள இருக்கிற கண்ணாடிக் கிண்ணம் பழைய பல்புக்குன்னு வளைச்சது. அதுல இதை மாட்டினா வெளிச்சம் எங்க போகணும்னு தெரியாம கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி நாலாபக்கமும் ஓடும். அதுக்குன்னு உள்ள லென்ஸ் வச்ச விளக்கு இருந்தா மாட்டலாம். உங்களுக்கு எதுவுமே வேணாம், மேல் கண்ணாடி மஞ்சளாயிருக்கு, தேய்ச்சுத் தர்றேன்."

வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, சொரசொரப்பிலிருந்து நைசு வரை வரிசையாகத் தேய்த்து, பாலீஷ் போட்டு, வெயில் தாங்குகிற பூச்சும் பூசி அனுப்புவார். பூசாமல் விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள் ஏறும் என்பதை அந்தக் காரே நாணும்படி விளக்குவார். கார் போனபிறகு, புது விளக்கையே விற்றிருக்கலாமே என்று சாயங்காலம் வரை கொட்டகைக்குள் நடப்பார். நல்லவராக இருப்பதும் அவருக்கு நிம்மதி தந்ததில்லை.

மனைவி நேர் எதிர். ஊருக்கு வெளியே இருக்கும் நீச்சல் குளத்தில் அவர் பயிற்சியாளர். ஊரில் டீச்சர் என்றால் அவர்தான், மின்மினிக்கும் டீச்சர்தான். காலை வகுப்புகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு. அதை யார் வேண்டுமானாலும் நடத்தலாம், பிள்ளைகள் தாமாகவே குதித்துவிடும். சாயங்கால வகுப்பு அவராகக் கேட்டு வாங்கியது. தண்ணீரைக் கண்டாலே நாலடி பின்வாங்குகிற பெரிய பெண்களுக்கான வகுப்பு அது. குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்தபடி மாதக்கணக்கில் நிற்பார்கள். அவர்களில் ஒரு தையல்காரம்மா அண்மையில்தான் கம்பியை விட்டு, மல்லாந்து, கூரையைப் பார்த்தபடி மிதந்து, பிறகு கரையேறி அழுதிருந்தார். டீச்சர் இதை வீட்டில் வந்து சொன்னபோது மின்மினி "அழுததுக்கு என்ன காரணம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஃப்யூஸ் பெட்டியைப் பார்க்கப் போனார். டீச்சரால் தண்ணீரில் ஒரு விரல் அசைக்காமல் கிடக்க முடியும். மின்மினி தரையிலேயே தத்தளிப்பவர். இருபது வருஷமாகக் குடும்பம் நடந்துவந்தது.

அந்த மழைக்காலத்தில் சந்துத் தண்ணீர் கொட்டகைக்குள் வந்தது. பெட்டிகள் நனைந்தன. மின்மினி தூங்கவில்லை, ஈரத்தால் அல்ல, அது மறுபடி வருமே என்பதால். டீச்சரின் தம்பி கொத்தனார். அவரை வரச் சொல்லி, கொட்டகைத் தரையை உயர்த்தி சிமெண்டு போடச் சொன்னார்.

"மட்டம் ஒரு நூல் பிசகக் கூடாது மாப்ள. கார் நிக்கிற இடம்."

"உங்களுக்குக் கோணலாப் போட்டுக் குடுத்துட்டு நான் அக்கா வீட்டுல சாப்பிட முடியுமா மாமா?"

கொத்தனார் சுத்தமாகப் போட்டார். போட்டு முடித்ததும், "இது காயணும்னா ஒரே வழி, நீங்க வெளிய இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, வாசலில் பலகை ஒன்றைக் குறுக்கே வைத்துப் போனார். பொழுது விடியுமுன் மின்மினி பலகையைத் தாண்டி உள்ளே கால் வைத்து காய்ந்துவிட்டதா என்று பார்த்தார். காயவில்லை. வாசல் ஓரத்தில் அவருடைய இடது செருப்பு, குதிகால் தேய்மானம் உட்பட, சிமெண்டில் என்றென்றைக்குமாகப் பதிந்துவிட்டது.

அடுத்த மழைக்குத் தண்ணீர் வரவில்லை. வியாபாரமும் நன்றாகப் போயிற்று. இது தரையால் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. "மின்மினி போட்ட லைட்டுன்னா எதிர்ல ஒருத்தன்கூடத் திட்டறதில்ல" என்று பேச்சாயிற்று. சிலர் திரும்பி வந்து, வெளிச்சம் இன்னும் கொஞ்சம் வேண்டும்போல இருக்கிறது என்றார்கள். அவர்களுக்கு இன்னும் நல்ல பல்பாகப் பார்த்துப் போட்டார். அவர்களும் மனநிறைவோடு, முன்னைவிட மெதுவாக, போனார்கள்.

குளத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழி பழைய கல்குவாரியை ஒட்டியது. தெருவிளக்கு கிடையாது. வளைவுகள் உண்டு. வகுப்பு முடிந்து டீச்சர் கிளம்பும்போது இருட்டியிருக்கும். ஒரு நாள் அந்தப் பாதையில், மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒரு மனிதர், இல்லாத இடத்திலிருந்து திடீரென்று இருக்கிற இடத்துக்கு வந்தார். டீச்சர் பிரேக்கில் ஏறி நின்றார். கார் நின்றபோது அந்த மனிதர் பானட்டின்மேல் கையூன்றி நின்றிருந்தார்.

"கண்ணு தெரியலையாம்மா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்து டீச்சர் காரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே வந்து சொன்னார்.

"எனக்குத் தூரத்துல வர்றது தெரியலைங்க. கொஞ்ச நாளாவே. இன்னைக்கு ஒருத்தர் பொழைச்சது தெய்வாதீனம்."

மின்மினி எழுந்து நடந்தார். கதவு வரை போய்த் திரும்பினார். அவர் போட்ட விளக்கு, அவர் வைத்த ஃபோகஸ். ஆகவே அதில் குறை இருக்க முடியாது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"நாப்பது தாண்டிருச்சுல்ல. கண்ணு இறங்கத்தான் செய்யும். அதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

"நான் வெக்கப்படலை. பயப்படறேன். இந்த மாசத்தோட சாயங்கால வகுப்பை விட்டுர்றேன். அந்தம்மா இப்பத்தான் கம்பியை விட்டாங்க. அவங்களை வேற யார் கையில குடுக்கறதுன்னு தெரியலை. ஆனா யாரையாவது ஏத்திக் கொன்னுட்டு நீச்சல் சொல்லித்தர முடியாது."

அந்த வகுப்பு டீச்சருக்கு என்ன என்பது மின்மினிக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மறுநாளே கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார், விழிக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கண்ணு அருமையா இருக்கு. உங்க வயசுல எனக்கு இப்படி இல்ல. ஓட்டும்போது என்னதான் தெரியலை?"

"தூரம் டாக்டர். கிட்டத்துல பளிச்சுனு தெரியுது."

"அப்ப கண்ணு இல்லம்மா. லைட்டு எப்படி?"

"லைட்டு நான் போட்டது" என்றார் மின்மினி.

"அதான் கேட்டேன்."

"உங்க கார்லயும் நான்தானே போட்டேன்? ஏதாவது குறை உண்டா?"

"ஒரு குறையும் இல்ல. என் வீட்டுக்காரிதான், நான் இப்பல்லாம் ரொம்ப நிதானமா ஓட்டறேன்னு சந்தோஷப்படறா."

மின்மினி இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். டாக்டர் பார்த்தது கண்ணை, ரோட்டையா பார்த்தார் என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். இருட்டில் வண்டி ஓட்டுவதற்கென்றே விற்கிற மஞ்சள் மூக்குக்கண்ணாடி ஒன்றைக் கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்தார். டீச்சர் அதை ஒரே ஒரு நாள் போட்டுப் பார்த்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"ஊருக்கே மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருந்துச்சு. தூரத்துல இருக்கிறது அதே மாதிரி தெரியலை."

பிறகு தொடங்கியது அந்தப் படலம். மின்மினி டீச்சரின் காரைத் தினமும் பிரித்தார். முதலில் மேல் கண்ணாடியைத் தேய்த்தார், ஏற்கெனவே கண்ணாடிபோல இருந்ததை. பிறகு அதிக வெளிச்சம் தருகிற ஹாலோஜன் பல்புகளை, இரண்டு பக்கமும் ஜோடியாக, விரல் ரேகை படாமல் துணியால் பிடித்து மாட்டினார். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் அந்த இடத்தில் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். மறுநாள் காலையில் ஒரு விளக்குக்குள் ஆவி படிந்திருந்தது. காற்றுத் துளையில் அடைப்பு, அதைக் குத்தி எடுத்து, பின்மூடியின் ரப்பரையும் மாற்றினார். அதற்கும் குறை தீரவில்லை என்றதும், கடையில் இருந்ததிலேயே உயர்ந்ததாக, உள்ளே லென்ஸ் வைத்த முழு விளக்கு இரண்டை, பொருத்தம் பார்த்து, ஒயரை வெட்டாமல், அதற்குரிய இணைப்போடு மாட்டினார். பம்பருக்குக் கீழே பனிவிளக்கும் வைத்தார். ஒவ்வொரு முறையும், எத்தனை அவசரமானாலும், காரைக் கொட்டகையில் நிறுத்தி, டயர் காற்றுப் பார்த்து, டீச்சரை உள்ளே உட்காரவைத்து, வெளிச்சத்தின் விளிம்பைச் சிவப்புக் கோட்டில் மயிரிழை பிசகாமல் படியவைத்தார். அவர் காட்டிய அக்கறையெல்லாம் அந்த ஒரு கோட்டில் போய் முடிந்தது.

"இன்னைக்குத் தெரிஞ்சுதா?" என்று வாசலிலேயே நின்று கேட்பார்.

"கிட்டத்துல இன்னும் பளிச்சுனு இருக்கு. சக்கரத்துக்கு முன்னாடி எறும்பு போனாலும் சொல்லிடுவேன். அதுக்கு அந்தப் பக்கம் முன்னைவிட இருட்டு."

"சும்மா சொல்லாதே. பல்பு பளிச்சுனு இருந்தா எப்படி இருட்டாகும்?"

"நீங்களே ஓட்டிப் பாருங்களேன்."

அவர் ஓட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று சொன்னார். மின்மினியால் ஓரிடத்தில் நிற்க முடியாது என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மலைபோல நின்றார்.

மாதம் முடியப்போகிற நேரத்தில், குளத்தின் பொறுப்பாளரிடம் டீச்சர் வகுப்பை ஒப்படைக்கப்போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். குளத்து வண்டி நிறுத்துமிடத்தின் எதிரே பூசாத செங்கல் சுவர். பக்கத்தில் டிக்கெட் கொடுக்கிறவரின் கார் நின்றது. வாங்கிய நாளிலிருந்து ஒரு துணிகூடப் படாத கார். விளக்குக் கண்ணாடிகள் பழுத்த இலை நிறத்தில் இருந்தன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விளக்கைப் போட்டார்கள். டிக்கெட்காரர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார்.

"என்ன டீச்சர், புது விளக்கா? ஆனா தலையைக் குனிஞ்சுகிட்டு நிக்குதே. என்னுது கண்ணு மங்கினாலும் நிமிந்து பாக்குது பாருங்க."

டீச்சர் பார்த்தார். டிக்கெட்காரரின் அழுக்கு வெளிச்சம் செங்கல் வரிசைகளில் ஏறி ஓரிடத்தில் நின்றது. தன்னுடைய பளீரென்ற வெளிச்சம் அதைவிட ஒன்றரை வரிசை கீழேயே நின்றுவிட்டது. இரண்டும் சின்னக் கார்கள், ஒரே கோட்டில் நிற்கிறவை. டீச்சர் இறங்கிப் போய் அந்தச் செங்கல்மேல் கை வைத்துப் பார்த்தார். பிறகு திரும்ப உள்ளே போய், ஒப்படைப்பது பற்றி நாளைக்குச் சொல்கிறேன் என்று பொறுப்பாளரிடம் சொன்னார்.

வீட்டில் மின்மினி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அந்த ஆளு விளக்கு வானத்தைப் பாக்குது. எதிர்ல வர்றவங்க சாபத்துலதான் அவன் வண்டியே ஓடுது."

"இருக்கலாம். உங்க கோட்டை ஒரு தடவை அளந்து பாத்துடலாமே."

"கோட்டை அளக்கறதா? கோட்டை வச்சுத்தான் மத்ததெல்லாம் அளக்கறது."

"என் கண்ணையும் அதை வச்சுத்தான் அளந்தீங்க."

மின்மினி நடப்பதை நிறுத்தினார். இது அபூர்வம்.

மறுநாள் மத்தியானம் டீச்சர் தம்பியோடு கொட்டகைக்கு வந்தார். கொத்தனாரின் தோளில் கண்ணாடிபோலத் தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய்ச் சுருள், உள்ளே தண்ணீர். கட்டட வேலையில் மட்டம் பார்க்கிற குழாய் அது. வளைத்தாலும் நெளித்தாலும் இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். மின்மினி தானே ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிற உற்சாகம் அவருக்கு.

"சுவர்கிட்ட நீ நில்லு மாப்ள. கீழ இருந்து கோடு வரைக்கும் அளந்துக்கோ. நான் போட்ட அளவு அப்படியே இருக்கும்."

சுவரடியிலிருந்து கோடு வரை கொத்தனார் டேப்பை வைத்தார். "அப்படியே இருக்கு மாமா."

"பாத்தியா டீச்சர்?"

"அசையாம பிடிங்க. தண்ணி ஆடுது" என்றார் டீச்சர்.

அவரால் அசையாமல் பிடிக்க முடியவில்லை. டீச்சர் வந்து குழாய் நுனியை வாங்கி, கார் நிற்கிற இடத்தில், காற்று நின்றாற்போல நின்றார். சுவர்ப்பக்கம் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை கொத்தனார் தன் நுனியை ஏற்றி இறக்கினார். தொட்டதும் "ம்" என்றார். டீச்சர் தன் பக்கத்துத் தண்ணீர் மட்டத்திலிருந்து கீழே கொட்டகைத் தரை வரைக்கும் டேப்பை விடச் சொன்னார். மின்மினி குனிந்து டேப்பைப் படித்தார். மறுபடி படித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

நாலு விரற்கடை குறைந்தது.

சுவர் நின்ற இடத்தில்தான் நின்றது. கோடு போட்ட இடத்தில்தான் இருந்தது. தரைதான் உயர்ந்திருந்தது, அதோடு சேர்ந்து அதன்மேல் நின்ற ஒவ்வொரு காரும் உயர்ந்திருந்தது, உயர்ந்த காரின் வெளிச்சத்தை அவர் பழைய கோட்டுக்கு இழுத்து இழுத்துக் குனியவைத்திருந்தார். சுவரில் அது நாலு விரல். சுவர் பக்கத்தில் இருக்கிறது. சாலையோ நீண்டு போகிறது. அங்கே அந்த நாலு விரல், தெரியவேண்டிய தூரத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். எத்தனை நல்ல பல்பு போட்டாலும் அது சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற எறும்பைத்தான் காட்டும்.

"நான் தரையைத் தப்பாப் போடலை மாமா. மட்டம் ஒரு நூல் பிசகலை" என்றார் கொத்தனார்.

"உன்னை யாரு சொன்னா?"

"இப்ப சொல்லப்போறீங்கன்னு முந்திக்கிட்டேன்."

மின்மினி திரும்பினார். வாசல் ஓரத்தில் சிமெண்டில் பதிந்திருந்த தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறார். தரை புதிது என்று அவருடைய காலுக்குத் தெரிந்திருந்தது, தலைக்குத் தெரியவில்லை.

"அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் கடைசியில், யாரிடம் என்றில்லாமல்.

"டாக்டரும் அதைத்தான் சொன்னாரு" என்றார் டீச்சர்.

மன்னிப்பு என்ற சொல் மின்மினியின் வாயில் வந்து உட்காரக்கூடியதல்ல. உட்காருவதே அந்த வீட்டில் கஷ்டம். அவர் ஏணியை எடுத்தார், தேவையே இல்லாமல். கோடு நெஞ்சு உயரத்தில்கூட இல்லை. பெயின்ட் டப்பாவைத் திறந்தார். பழைய கோட்டுக்கு நாலு விரல் மேலே புதுக் கோடு போட்டார், வேன் கோட்டுக்கும் அப்படியே. பழையதைச் சுரண்டப் பார்த்தார், அது வரவில்லை. நல்ல பெயின்ட்டாகத் தேடி வாங்கியிருந்தார்.

அந்தி மங்கியதும் டீச்சரின் கார் புதுக் கோட்டுக்கு நிமிர்ந்தது. மூன்று திருகுக்குள் வேலை முடிந்துவிட்டது. ஆனால் மின்மினி முடிக்கவில்லை. இடது விளக்கைக் கால் திருகு ஏற்றினார், இறக்கினார். வலதை இறக்கினார், ஏற்றினார். பானட்டை மூடினார். மறுபடி திறந்தார்.

டீச்சர் இறங்கி வந்து கையை நீட்டினார்.

"அதை இங்க குடுங்க."

"எதை?"

"ஸ்க்ரூ டிரைவரை."

"ஒரே ஒரு கால் திருகு..."

"வகுப்பை விடலைன்னு நாளைக்குச் சொல்லப்போறேன். ஆனா ஒண்ணு. இனிமே இந்த விளக்கை நீங்க தொடக் கூடாது. மஞ்சளாச்சுன்னா நான் சொல்றேன், பல்பு போச்சுன்னா நான் சொல்றேன். அதுவரைக்கும் அது இருக்கிறபடி இருக்கட்டும்."

மின்மினி ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். தையல்காரம்மா கம்பியைப் பார்த்ததும் அப்படித்தான் இருந்திருக்கும். கொடுத்துவிட்டார். டீச்சர் அதை டாஷ்போர்டுப் பெட்டிக்குள், மஞ்சள் கண்ணாடியின் பக்கத்தில், போட்டு மூடினார்.

"ஏறுங்க. குவாரி வரைக்கும் போய்ட்டு வரலாம்."

முதல் முறையாக மின்மினி அந்தப் பாதையில், அந்த நேரத்தில், அந்தக் காரில் போனார். முதல் வளைவு வந்தது. வளைவுக்கு வெகுதூரம் முன்பாகவே, சுண்ணாம்படித்த மைல்கல் இருட்டிலிருந்து வெள்ளையாக எழுந்து நின்றது. அதற்கும் அப்பால் ஒரு நாய் சாலையைக் கடப்பதும், அது நின்று இவர்களைப் பார்ப்பதும், யோசித்துவிட்டு மறுபடி நடப்பதும் தெரிந்தன. டீச்சரின் கால் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்திற்று.

"தெரியுதா?" என்றார் மின்மினி.

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"ரோடு."

அவருக்கு அது போதவில்லை. ஆனால் அவ்வளவுதான் கிடைத்தது.

மனைவியின் விளக்கைத் தொடக்கூடாது என்றான பிறகு அந்தப் பரபரப்பு எங்காவது போக வேண்டுமே. ஊரெல்லாம் தலைகுனிந்த கார்கள் ஓடிக்கொண்டிருந்தன, எல்லாம் அவர் குனியவைத்தவை. கடை பூட்டியதும் மின்மினி நாற்சந்திக்குப் போய் நிற்கத் தொடங்கினார். வருகிற வெளிச்சத்தைப் பார்த்தே தன் வேலையை அடையாளம் கண்டு, நடுச்சாலைக்குப் பாய்ந்து கையைக் காட்டுவார். எதையோ விற்க வருகிறார் என்று நினைத்துப் பலர் ஜன்னலை ஏற்றிக்கொண்டார்கள்.

"உங்க லைட்டு சரியில்ல, கடைக்குக் கொண்டாங்க" என்பார்.

"நீங்க போட்டதுதானே? நல்லாத்தானே இருக்கு" என்றார் ஒரு வேன்காரர்.

"நல்லா இல்லைங்க."

"ஒருத்தன்கூடத் திட்டறதில்லையே!"

"அதான் தப்பு. காசு வேணாம், வந்துட்டுப் போங்க."

வேன்காரர் சந்தேகத்தோடு பார்த்தார். தன் வேலை மோசம் என்று வாடிக்கையாளரிடம் வாதாடி ஜெயிக்கவேண்டியிருந்த கடைக்காரர் அந்த ஊரில் அதற்கு முன் கிடையாது. கண் டாக்டர் மட்டும் உடனே வந்தார். ஃபோகஸை ஏற்றிக்கொண்டு போன மறுவாரமே அவருடைய வீட்டுக்காரி வந்து, பழையபடி இறக்கிவிட முடியுமா என்று தனியாக மின்மினியிடம் கேட்டுவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள்.

ஒரு சாயங்காலம் நாற்சந்தியில் அவர் நின்றுகொண்டிருக்கையில், குவாரிப் பக்கமிருந்து ஒரு கார் வந்தது. வெளிச்சம் நிதானமாக, இருக்கவேண்டிய உயரத்தில், சாலை நெடுகப் படிந்து வந்தது. மின்மினிக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் தெரியவில்லை. அது அவரைத் தொந்தரவு செய்தது. கார் பக்கத்தில் வந்து நின்றது. டீச்சர். பின்னிருக்கையில் ஈரத் தலையோடு தையல்காரம்மா, வீடு வழியில் என்பதால்.

மின்மினி விளக்கின் முன்னால் குனிந்தார். தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடினார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை.

"ஏறுங்க" என்றார் டீச்சர்.

"இடது பக்கம் ஒரு மயிரிழை..."

"ஏறுங்கன்னேன்."

"டீச்சர், சாருக்கும் ஒரு வகுப்பு எடுங்களேன். கம்பியை விடவே மாட்டேங்கறாரு" என்றார் பின்னாலிருந்து தையல்காரம்மா.

மின்மினி ஏறினார். இருக்கையின் விளிம்பில் தொற்றிக்கொண்டார். கார் கிளம்பியதும் கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பின்னால் சாய்ந்தார். எதிரே ஒரு கார் வளைவில் திரும்பிற்று, தலை குனிந்த வெளிச்சத்தோடு. அவர் மறுபடி நிமிர்ந்து கதவுப்பிடியைப் பிடிக்கப் போனார்.

"அது நாளைக்கு" என்றார் டீச்சர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.